உரக்கடை மாடியில் தாய் மசாஜ்

பத்திரம் எழுதுகிறவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் பயம். 'மேற்கு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கிழக்கு' என்று எழுதிவிட்டால், பக்கத்து வயல்காரரின் போர்செட் நம் கட்சிக்காரருக்கு வந்துவிடும். அப்புறம் இரண்டு தலைமுறை வாய்தா வாங்கும். பாபநாசத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். நான் எழுதிய எதுவும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. (தற்பெருமை மாதிரி இருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் போய்விடும்.)

நான் எழுதியதில் தாவா வரைக்கும் போனது ஒன்றே ஒன்றுதான். மூன்றே சொற்கள். முத்திரைத்தாளில்கூட எழுதியதில்லை, ஃப்ளெக்ஸில் அடித்தது. இலக்கணப்படி அதில் ஒரு குறையும் கிடையாது. இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் வாதாடத் தயாராக இருக்கிறேன். வீட்டில்தான் யாரும் வாதாட விடுவதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிடுகிறார்கள்.

என் தங்கை செல்வியின் கணவர் கலியமூர்த்தி. மூர்த்தி என்று கூப்பிடுவோம். கல்யாணமான மறு வருடம் தாய்லாந்தில் ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடைக்குத் தோசை மாஸ்டராகப் போனார். கல்லுக்கு முன்னால் பொழுதெல்லாம் நின்று நின்று இடுப்பு பிடித்துக்கொண்டது. கூட வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் அவரைக் கையைப் பிடித்து ஒரு மசாஜ் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். போன இடத்தில் இடுப்புப் பிடிப்பு விட்டுவிட்டது, மசாஜ் பிடிப்பு பிடித்துக்கொண்டது. லீவு நாளிலெல்லாம் போய்ப் படித்து, சான்றிதழ் வாங்கி, கடைசியில் தோசைக் கரண்டியை வைத்துவிட்டு ஒரு ஓட்டலில் மசாஜ் வேலையிலேயே சேர்ந்துவிட்டார்.

அவர் மகள் யாழினிக்கு நான் சொல்லும் வருடத்தில் ஏழு வயது. அவளுக்கு அப்பா என்றால் செல்போனில் வரும் முகம். சாப்பிடும்போது போனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்துக்கொள்வாள். சார்ஜ் தீர்ந்துவிட்டால், "அம்மா, அப்பா ஆஃப் ஆயிட்டாரு" என்பாள்.

அந்த வருடம் ஆடியில் மூர்த்தி ஊருக்கு வந்தார். வந்த மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னார்.

"ஓட்டல்ல தை மாசம் வரைக்கும் எடத்த வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காங்க மச்சான். அதுக்குள்ள இங்க ஒரு தொழில் நின்னுடுச்சுன்னா இருந்துடறேன். இல்லேன்னா கௌம்பிட வேண்டியதுதான்."

 அன்று மத்தியானமே செல்வி அவருடைய பெரிய பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

தஞ்சாவூர் ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடி காலியாக இருந்தது. படியேறும்போது யூரியா, பொட்டாஷ், பூச்சி மருந்து எல்லாம் வரிசையாக மூக்குக்கு வணக்கம் சொல்லும். மேலே போனால் நல்ல காற்று. மூர்த்தி தரையில் மூன்று தடிமனான மெத்தை விரிப்புகளைப் போட்டு, ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டார். மிச்சம் இருந்தது பெயர் மட்டும். பெயர் வைப்பது எழுத்து சம்பந்தப்பட்ட காரியம் என்பதால் அதை நான் எடுத்துக்கொண்டேன். (யாரும் கொடுக்கவில்லை.)

"தாய்லாந்து மசாஜ்னு போட்டா போதும் மச்சான்" என்றார் மூர்த்தி.

நான் மறுத்தேன். பெரிய ஊர்களில் அந்தப் பெயரை மாட்டிக்கொண்டு வேறு ஏதோ நடத்தி, போலீஸ் வந்த செய்திகளையெல்லாம் பேப்பரில் படித்து வைத்திருந்தேன். அது முதல் காரணம். இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது.

"தாய்லாந்துங்கறது தேசம் மாப்ள. லாந்துன்னா நிலம். நிலமா வந்து உங்களுக்கு மசாஜ் பண்ணிச்சு? மக்கள்தானே? அந்த மக்களுக்குப் பேரு தாய். அப்போ தாய் மசாஜ்னுதானே வரும்?"

"ஜனங்களுக்குப் புரியுமா?"

"புரிய வைக்கத்தானே நோட்டீஸ் அடிக்கிறோம்."

அடுப்படியிலிருந்து செல்வி குரல் கொடுத்தாள். "அண்ணன் சொல்றதே இருக்கட்டுங்க. தாய்னு இருந்தா நல்ல குடும்பமா தெரியுது."

அந்த நிமிடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தங்கச்சி நம் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் 'பாரம்பரிய' என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்துவிட்டேன்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பினார். 'பாரம்பரிய தாய் மசாஜ்' என்று இருந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்து, 'வல்லினம் மிகும். பாரம்பரியத் தாய்' என்று பதில் போட்டேன். அடுத்ததில் 'பாரம்பரியப் தாய்' என்று வந்தது. மூன்றாவது தடவை 'த்' வந்து சரியாக உட்கார்ந்தது. கட்டைவிரல் படம் அனுப்பினேன். எழுத்துக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. பத்திரத்தில் படம் இருக்காதல்லவா, அந்தப் பழக்கம்.

அந்த மனிதர் மேல் தப்பு சொல்ல முடியாது. 'த்' இல்லாமல் விட்டிருந்தால் ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். நான் விரட்டி விரட்டிப் போட்ட ஒற்றெழுத்துதான் அது பெற்ற தாயைப் பற்றியது என்று அவருக்கு உறுதி செய்தது. கீழே ஒரு பெரிய ரோஜா நிறத் தாமரை வைத்து, அதற்குள் ஒரு தாய் குழந்தையை மடியில் போட்டுச் சிரிப்பது மாதிரி அவரே இலவசமாக ஒரு படம் சேர்த்திருந்தார். அவரே வந்து ரோட்டைப் பார்த்து மாட்டியும் விட்டார்; மாடிக்குள் வேலையாக இருந்த எங்களில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

இனி நோட்டீஸ். நான் உடற்பிடி முறைகளைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாரக்கணக்கில் படித்தேன். படித்ததைச் சுருக்கி, எனக்குத் தெரிந்த ஒரே நடையில் எழுதினேன்:

'இதனடியில் கண்ட தாய் மசாஜுக்கு நான்கெல்லை விவரம்: எண்ணெய் தடவி உருவிவிடும் மேல்நாட்டு மசாஜுக்குக் கிழக்கு; தைலம் காய்ச்சித் தேய்க்கும் கேரளத்து உழிச்சலுக்கு மேற்கு; புள்ளி பார்த்து அழுத்தும் வர்ம முறைக்கு வடக்கு; நம்மூர் சுளுக்கு வழிப்புக்குத் தெற்கு. இதற்கு உட்பட்டது.'

கேலி இருக்கட்டும். விஷயம் என்னவோ உண்மை. அது தனி ரகம். எண்ணெய் கிடையாது. மேசை கிடையாது, தரையில் விரிப்புதான். போட்ட துணி போட்டபடி இருக்கும். தொளதொளவென்று ஒரு சட்டையும் கால்சட்டையும் அவர்களே கொடுப்பார்கள். மற்றவர்கள் முதுகிலோ கழுத்திலோ ஆரம்பிப்பார்கள் என்றால் இவர்கள் பாதத்தில் ஆரம்பிப்பார்கள். நாம் நாடி என்று சொல்வதைப் போல அவர்களுக்கு 'சென்' என்று சில கோடுகள் உண்டு. அதன் வழியே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு போவார்கள். கை பலத்தால் அழுத்துவதில்லை. உடம்பின் பாரத்தை மெதுவாகச் சாய்ப்பார்கள். உள்ளங்கை, முழங்கை, முழங்கால், பாதம் எல்லாம் வேலை செய்யும். அதோடு விடுவதில்லை. காலை மடக்கி, கையை இழுத்து, இடுப்பைத் திருப்பி, மூட்டு மூட்டாக நீட்டுவார்கள். தேய்க்கிற முறைகள் சதையைப் பார்த்துக்கொள்ளும், இது மூட்டையும் சேர்த்துக் கவனிக்கும். நாம் சோம்பேறியாகப் படுத்துக்கிடக்க, இன்னொருவர் நமக்காகப் போட்டுவிடும் யோகாசனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் படித்துத் தெரிந்துகொண்டதுதான். மூர்த்தி எத்தனையோ தடவை கூப்பிட்டும் நான் ஒரு நாளும் படுத்ததில்லை. நோட்டீஸும் யார் கைக்கும் போகவில்லை. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. மறுபடி அடிக்கச் சொல்லிக் கட்டோடு திருப்பி அனுப்பிவிட்டேன். ஆக, திறப்பு விழா அன்று ஊருக்குத் தெரிந்தது மூன்று சொல்லும் ஒரு தாமரையும்தான்.

ஆவணி மாதக் கடைசிப் புதன்கிழமை. பன்னிரண்டுக்கு ராகுகாலம் என்பதால் பத்தரைக்கே விளக்கேற்றினோம். (நேரங்கள் என் நாட்குறிப்பிலிருந்து. வாய்க்காலில் தண்ணீர் வந்த நேரத்தைக்கூட எழுதி வைக்கிறவன் நான்.)

பத்து நாற்பதுக்குப் படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. செல்வி என் கையைக் கிள்ளினாள். "ண்ணே, ஆளு வருது!"

முதலில் ஏறி வந்தது ஒரு அம்மா. பெயர் சகுந்தலா, பக்கத்துக் கிராமம் என்று பின்னால் தெரிந்தது. ஒரு கையில் நல்லெண்ணெய்த் தூக்கு, இன்னொரு கையில் வெந்நீர் ஃப்ளாஸ்க். பின்னாலேயே, பிள்ளை பெற்று நாற்பது நாள் கடந்திருந்த அவர் மகள், காதில் பஞ்சோடு. அதற்குப் பின்னால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு சித்தி. சித்தியின் தோள்பையிலிருந்து சாம்பிராணிக் கரண்டியின் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க வாங்க" என்றாள் செல்வி.

"நல்லவேளைம்மா, இப்படி ஒண்ணு தொறந்தீங்க. எங்க ஊருல ஒடம்பு புடிச்சு தண்ணி ஊத்துற அம்மா திருப்பூருக்கு மவன் வீட்டோட போயிட்டாங்க. யாரு வருவான்னு தவிச்சிக்கிட்டு கெடந்தோம்" என்று சொல்லிக்கொண்டே சகுந்தலா அம்மா விரிப்பில் உட்கார்ந்து, தூக்கு மூடியைத் திறந்தார்.

நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி என்னைப் பார்த்தாள். அதற்குள் அடுத்த குடும்பம் ஏறிவிட்டது. பதினொரு மணிக்கு மாடியில் ஐந்து குடும்பங்கள், மூன்று கைக்குழந்தைகள், அழுகை, பொட்டாஷ் வாசனையோடு சாம்பிராணி. கீழே உரம் வாங்க வந்தவர்களும் பாதிப்படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

இந்த நேரம் பார்த்து மூர்த்தி திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். கறுப்புத் தொளதொளக் கால்சட்டை, நல்ல அடர்த்தியான மீசை. அந்த ஊர் வழக்கப்படி இரண்டு கையையும் மார்போடு கூப்பித் தலையைக் குனிந்தார்.

சகுந்தலா அம்மா நிமிர்ந்து பார்த்தார். "வணக்கந்தம்பி. அந்த அம்மாவ வரச் சொல்லுங்க."

"எந்த அம்மாங்க?"

"அதான், மசாஜ் பண்ற தாயி."

"நான்தாங்க தாய்..." என்றார் மூர்த்தி. 'மசாஜ் பண்றது' என்று வாக்கியத்தை முடிக்கத்தான் செய்தார். ஒரு குழந்தை வீறிட்டதில் அது யார் காதிலும் விழவில்லை.

"மீச வச்ச தாய இன்னைக்குத்தான்டி பாக்குறேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். சகுந்தலா அம்மா சிரிக்கவில்லை. தூக்கை மூடினார்.

"ஏம்ப்பா, பச்ச ஒடம்புக்காரி மேல ஆம்பள கை வைக்கிறதாவது? தாயும் புள்ளையுமா படத்தப் போட்டு எங்கள வரவழைச்சிட்டு, இதென்ன அக்கிரமம்?"

"படமா? எந்தப் படம்?" என்று கேட்டவன் நான்தான்.

கீழே ஓடினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று போர்டை அண்ணாந்து பார்த்தேன். தாமரைக்குள்ளிருந்து அந்தத் தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மணி பதினொன்று எட்டு. மேலே 'த்' மட்டும் மிகச் சரியாக இருந்தது.

திரும்பி ஏறியபோது மூர்த்தி சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதாவது "மன்னிச்சுக்குங்கம்மா, போர்டு தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் போயிருப்பார்கள். நான்தான் படித்தவனாயிற்றே. நடுவில் போய் நின்று விளக்க ஆரம்பித்தேன்.

"அமைதியா கேளுங்க. இது தாய்லாந்து தேசத்து மசாஜ். இதுல எண்ணெயே கிடையாது."

"அப்ப எதுக்குடி எண்ணெயத் தூக்கிட்டு இம்புட்டுப் படி ஏறுனோம்?"

"உடையக் களையவும் தேவையில்ல..."

ஐந்து குடும்பங்களும் ஒரே நேரத்தில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டன. "ஆம்பள பேசுற பேச்சா இது?" என்றார் சித்தி.

"கட்டைவிரலால அழுத்துவாங்க. அப்புறம் முழங்காலால, முழங்கையால. தேவைப்பட்டா மெதுவா ஏறி மிதிக்கவும்..."

"மிதிப்பீங்களா? பெத்த ஒடம்ப மிதிப்பீங்களா?" சகுந்தலா அம்மா எழுந்தே விட்டார். "ஏம்மா, இந்த மனுசன் யாரு?"

"எங்கண்ணன்தாங்க" என்றாள் செல்வி. அதைவிடச் சோகமாக அவள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. "பத்திரம் எழுதுறாங்க."

"அதான பாத்தேன்."

என் ரோஷம் அந்த 'அதான பாத்தேன்'-இல் கிளம்பியது. "எல்லாரும் உக்காருங்க. நானே படுத்துக் காட்டுறேன். பாத்துட்டுப் பேசுங்க" என்று விரிப்பில் மல்லாந்து படுத்துவிட்டேன். திறப்பு விழாவுக்காகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளை வேட்டியில் இருந்தேன் என்பதை இந்த இடத்தில் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூர்த்தி குனிந்து என் காதோடு சொன்னார். "மச்சான், உள்ள போய் அந்தக் கால்சட்டைய மாத்திக்கிட்டு வாங்க."

"அதெல்லாம் வேணாம் மாப்ள. ஆரம்பிங்க."

"காலத் தூக்குவேன் மச்சான்."

"தூக்குங்க."

ஆரம்பம் கௌரவமாகவே இருந்தது. மூர்த்தி என் காலடியில் மண்டியிட்டுப் பாதத்தைப் பிடித்தார். கொஞ்சம் முணுமுணுப்பு அடங்கியது. மாப்பிள்ளை மச்சான் காலைப் பிடிப்பதை எந்தக் கூட்டம்தான் பார்க்காமல் போகும்? உள்ளங்காலிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் கட்டைவிரல் போயிற்று. நான் படுத்தபடியே, "இதுதான் சென் கோடு, பாத்துக்குங்க" என்று வியாக்கியானம் செய்தேன்.

அப்புறம் என் வலது காலை மடக்கி நெஞ்சுக்குக் கொண்டுபோனார். கஞ்சி போட்ட வேட்டி குடை மாதிரி விரிந்து எழுந்தது. பெண்கள் மொத்தமாக ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். செல்வி பாய்ந்து வந்து, கையில் அகப்பட்ட துணியை என்மேல் போர்த்தினாள். அது யாரோ ஒரு குழந்தையைச் சுற்றி வந்த துண்டு. மஞ்சள் வாத்துகள் போட்டது. அப்படியே மூர்த்தி வேட்டியைக் கால்களுக்கு நடுவில் சுருட்டி, பின்னால் கொண்டுபோய்ச் செருகி இறுக்கிவிட்டார். நாற்று பறிக்கப் போகிறவன் மாதிரி, இடுப்பில் வாத்துகளோடு, நான் கிடந்தேன்.

"இப்ப திரும்பலாங்க" என்றாள் செல்வி, ஜன்னலைப் பார்த்து நின்றவர்களிடம்.

"குப்புறப் படுங்க மச்சான். ஒடம்பத் தளத்திக்குங்க. மூச்ச விடுங்க."

மூச்சை விட்டால் மானமும் கூடப் போய்விடும் என்ற எண்ணத்தில் அடக்கிக்கொண்டிருந்தேன். மூர்த்தி என் தொடைகளின் மேல் முழங்காலை ஊன்றி, என் இரண்டு கையையும் பின்னால் வாங்கி, நிதானமாகச் சாய்ந்தார். என் தலை, கழுத்து, நெஞ்சு எல்லாம் தரையை விட்டு எழும்பி, படமெடுத்த பாம்பு மாதிரி நின்றன. நேர் எதிரே சகுந்தலா அம்மாவின் முகம். இருபத்திரண்டு வருடமாகக் குனிந்து எழுதி எழுதிக் கூன் விழுந்திருந்த முதுகில் எங்கேயோ ஒரு சொடக்கு. படி வரைக்கும் கேட்டிருக்கும்.

"அம்மாஆஆ!" என்று கத்திவிட்டேன்.

 அழுதுகொண்டிருந்த குழந்தைகள்கூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன.

சகுந்தலா அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினார். "இப்பத்தான்டி புரியுது, இதுக்கு ஏன் தாய் மசாஜ்னு பேரு வச்சாங்கன்னு."

அந்தச் சிரிப்பை நான் எழுதிக் காட்ட முடியாது. உரக்கடை முதலாளி கீழேயிருந்து ஓடி வந்து, விஷயத்தைக் கேட்டு, சிரித்துக்கொண்டே இறங்கிப்போனார். மூர்த்திக்கு மட்டும் முகம் செத்துவிட்டது. ஆனாலும் அவர் தொழில்காரர். ஆரம்பித்ததைப் பாதியில் விடக் கூடாது என்று என்னை மல்லாக்கப் போட்டு, கழுத்தையும் தோளையும் மிருதுவாகப் பிடித்துவிட்டு, நெற்றியில் இரண்டு விரலை வைத்தார். நான் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் குறிப்பில் எதுவும் இல்லை. ஏனென்றால் தூங்கிப்போய்விட்டேன். குறட்டை பலமாக இருந்ததாகப் பல சாட்சிகள் உண்டு.

விழித்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. உடம்பு இல்லாத மாதிரி இருந்தது. கழுத்து இரண்டு பக்கமும் தானாகத் திரும்பியது. 'மாப்ள, அபாரம்' என்று சொல்ல வாயெடுத்தேன். மாடியில் ஒருவரும் இல்லை. மற்ற இரண்டு விரிப்புகளும் சுருட்டிக் கயிறு கட்டி மூலையில் சாத்தியிருந்தன. மூர்த்தி பச்சைத் திரையை வளையம் வளையமாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள இது?"

"ஒண்ணுமில்ல மச்சான். ஊரே சிரிக்குது. இனிமே இங்க யாரு வருவா? ஓட்டல்ல எடம் இருக்கறப்பவே போயிடறது நல்லதுன்னு தோணுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார். வெளியே வந்தேன். படியில் செல்வி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ண்ணே" என்றாள், திரும்பாமலே. "பரண்ல ஏத்துன பெட்டிய நீயே வந்து எறக்கிக் குடுத்துடு. என்னால முடியாது."

 ஆயிரக்கணக்கான பத்திரங்களில் அடுத்தவர் சொத்து எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அங்குலம் விடாமல் எழுதியவன், என் தங்கச்சி குடும்பத்தின் எல்லையை ஒரு ஒற்றெழுத்தால் கடல் தாண்டித் தள்ளிவிட்டேன். அவளுக்கு ஒரு படி மேலே உட்கார்ந்தேன். கீழே யூரியா மூட்டை இறக்கினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது மூட்டைகளை விலக்கிக்கொண்டு சகுந்தலா அம்மா மறுபடி ஏறி வந்தார். தூக்கும் இல்லை, ஃப்ளாஸ்க்கும் இல்லை. ஒரு ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, படிக்குப் படி நின்று நின்று ஏறினார். சட்டையில் கிரீஸ் கறை.

"அந்தத் தாய்த் தம்பி இருக்கா?" என்றார் என்னிடம்.

"இருக்காரு. ஏங்க?"

"இவரு எங்க வீட்டுக்காரரு, பக்கிரிசாமி. கதிர் அறுக்குற மிசின் ஓட்டுறாரு. அந்தக் குலுக்கல்ல இடுப்பு போச்சு. ஆஸ்பத்திரில படம் புடிச்சுப் பாத்து, எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, தசைப்புடிப்புன்னு மாத்திர குடுத்தாங்க. திரும்பிப் படுத்தா கத்துறாரு. எந்திரிச்சா கத்துறாரு." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும்தான் கத்துனீங்க. ஆனா கத்தி முடிச்சிட்டுக் கொறட்ட விட்டீங்கல்ல? இவருக்குக் கத்தல் மட்டுந்தான் இருக்கு. கொறட்டையே இல்ல. குறுவை அறுப்பு தொடங்கிடுச்சு, தம்பி கொஞ்சம் பாக்கட்டும்."

செல்வி எழுந்து நின்றுவிட்டாள்.

மூர்த்தி திரையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். உடனே படுக்க வைக்கவில்லை. கால் மரத்துப்போகிறதா, இருமினால் வலி கூடுகிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். படுத்தவரை எந்தப் பாம்பாகவும் ஆக்கவில்லை. என்னிடம் செய்ததில் பாதிகூட இல்லை. பாதத்தில் ஆரம்பித்து, உடம்புப் பாரத்தைச் சாய்த்துச் சாய்த்து, ஒரு மணி நேரம். நான் வாயைத் திறக்கவில்லை. (செல்வி என் எதிரிலேயே நின்று, திறக்காமல் பார்த்துக்கொண்டாள்.)

இரண்டு ஐந்துக்குப் பக்கிரிசாமியிடமிருந்து ஒரு குறட்டை வந்தது. சகுந்தலா அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரே நாளில் அவர் இடுப்பு சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்ப் பத்திரம். வாரம் ஒரு தடவை வந்தார், மெல்ல மெல்ல நிமிர்ந்தார். வரும்போது கூட ஒரு மிசின்காரரை அழைத்து வந்தார். அவர் ஒரு டிராக்டர்காரரை. திருக்காட்டுப்பள்ளியிலிருந்துகூட ஒரு லாரி டிரைவர் வந்தார். "இங்கதான கத்திட்டுத் தூங்குற எடம்?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார். நாற்று நடும் பெண்கள், "எங்க முதுக யாரு பாக்குறது?" என்று செல்வியிடம் சண்டைக்கு வந்தார்கள். அதன் பிறகு செல்வி மூர்த்தியிடம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். இப்போது செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு, செல்வி பார்க்கிறாள். பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும், "உங்க டாக்டரம்மாவ கேட்டுட்டு அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறாள்.

தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது மூர்த்தி ஓட்டலுக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பாஷையில் பேசினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வைத்தபிறகு செல்வியைப் பார்த்து, "மத்தியானம் என்ன கொழம்பு?" என்றார். அதுதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பு.

அப்பா ஊரில் இல்லை என்று தள்ளிக்கொண்டே போன யாழினியின் காதுகுத்தை அந்த மாசியில் வைத்தார்கள். விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும் அல்லவா. அதே கடைக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"சார், உங்க படத்துக்குக் கீழ 'தாய் மாமன்'னு போட்டிருக்கேன். நடுவுல லாந்து சேக்கணுமா, வேணாமா?"

அவர் நிஜமாகவே கேட்டாரா, கேலி செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வைத்துவிட்டேன்.

விழா அன்று யாழினி என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் கூட்டம் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. பந்தலின் பின்வரிசையிலிருந்து பக்கிரிசாமி, "ரைட்டர் சார், கத்திப்புடாதீங்க!" என்று குரல் கொடுத்தார். எல்லாரும் சிரிக்கும் அந்தக் கணத்தில் ஆசாரி குத்திவிட்டார். குழந்தை ஏங்கி மூச்சை இழுத்து, ஊருக்கே கேட்கும்படி கத்தியது.

"அப்பாஆஆ!"

இரண்டடி தூரத்தில் சர்க்கரைத் தட்டோடு நின்ற மூர்த்தி, தட்டை யார் கையில் கொடுத்தார் என்றுகூடத் தெரியவில்லை, என் மடியிலிருந்து அவளை அள்ளிக்கொண்டார். இன்னொரு காதை அவர் தோளில் வைத்துத்தான் குத்தினார்கள். சாஸ்திரப்படி மாமன் மடி என்று யாரோ ஆரம்பித்தார்கள். நான் வேண்டாம் என்று கை காட்டினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது காலை இடித்துக்கொண்டாலோ, அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டாலோ, மற்றவர்கள் ஓடி வந்து முதலில் கேட்பது, "அம்மாவா, அப்பாவா?" என்றுதான். மருந்து அதற்கப்புறம். போன வாரம் கதவிடுக்கில் என் விரல் நசுங்கியது. பக்கத்து அறையில் யாழினி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்ட, எதைக் கத்துவது என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். பிழை வந்துவிடக் கூடாதே.